தனிநபர் கல்வித் திட்டத்தில் இலக்கு எழுதுவது எப்படி? புதிய சிறப்பாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

"தமிழ் வாசிப்பில் முன்னேற்றம் அடைவான்."

சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒரு குழந்தையின் கோப்பைத் திறந்தால் இப்படி ஒரு வரி பெரும்பாலும் கண்ணில் படும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த மார்ச் மாதம் அதே கோப்பை எடுக்கும்போது, அவன் முன்னேறினானா இல்லையா என்று யார் சொல்வது? வகுப்பாசிரியர் "ஓரளவு பரவாயில்லை" என்பார். அம்மா "வீட்டில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை" என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். எழுதி வைத்த வரி மட்டும் இருவருக்கும் எந்த விதத்திலும் உதவாது.

அந்த ஒரு வரியைப் பயனுள்ளதாக எழுதுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கும் சிறப்பாசிரியர், பி.எட். சிறப்புக் கல்வி படிப்பவர், வகுப்பில் ஒரு மாற்றுத்திறனாளிக் குழந்தை இருக்கும் ஆசிரியர், பெற்றோர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

திட்டமும் அதன் பின்னணியும்

தனிநபர் கல்வித் திட்டம் என்பதை ஆசிரியர்கள் பேச்சில் ஐ.இ.பி. என்போம். இந்தக் குழந்தை இன்று என்ன செய்கிறது, ஓராண்டுக்குள் என்ன செய்ய வேண்டும், அதற்கு யார் எப்போது என்ன உதவி செய்வார்கள், நடந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது ஆகிய நான்கையும் எழுத்தில் வைக்கும் ஆவணம் அது. பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், தேவைப்பட்டால் பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் உட்கார்ந்து எழுத வேண்டியது. முடிந்தபோதெல்லாம் குழந்தையும் கூட இருக்க வேண்டும்.

இது பிறந்த இடம் அமெரிக்கா. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் பொதுப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்றமே பதிவு செய்த பிறகு, 1975-இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமான, பொருத்தமான கல்வி என்றது அந்தச் சட்டம். "பொருத்தமான" என்பதற்கு என்ன பொருள் என்று ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக எழுதி வைக்கும் கருவிதான் ஐ.இ.பி. அளக்கக்கூடிய ஆண்டு இலக்குகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இன்று அங்கே சட்டம்.

2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கை இலக்கு எழுதுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். கொலராடோ மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் பெற்றோர் தொடுத்த வழக்கு அது, எண்ட்ரூ எஃப். வழக்கு என்பார்கள். ஆண்டுதோறும் திட்டத்தில் ஏறத்தாழ அதே இலக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன, மகன் நின்ற இடத்திலேயே நிற்கிறான் என்பது பெற்றோரின் குறை. பள்ளி ஏதோ சிறிதளவு பலன் தந்தால் போதும் என்ற கீழ் நீதிமன்ற அளவுகோலை உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. அந்தக் குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் அமைந்திருக்க வேண்டும் என்றது. போன வருடத்து இலக்கைத் தேதி மட்டும் மாற்றி இந்த வருடமும் எழுதுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இந்தியாவில் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் தேவைக்கேற்ற தனிப்பட்ட ஆதரவு தர வேண்டும், பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்று பள்ளிகளுக்குக் கடமை விதிக்கிறது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களிலிருந்து பள்ளிகளுக்குப் போகும் சிறப்பாசிரியர்கள்தான் பெரும்பாலும் இந்தத் திட்டத்தை எழுதுகிறார்கள். பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் ஒரு குழந்தையோடு செலவிடும் நேரம் குறைவு. அதனாலேயே இலக்கு தெளிவாக இருப்பது இங்கே இன்னும் முக்கியம். அவர் வராத நாட்களில் வகுப்பாசிரியரும் வீட்டாரும் அதைப் படித்துப் பார்த்து வேலை செய்ய வேண்டுமல்லவா?

முதலில் தற்போதைய நிலை

மோசமான இலக்குகளில் பெரும்பாலானவை மோசமாவது இலக்கு எழுதும் கட்டத்தில் அல்ல. அதற்கு முந்தைய கட்டத்தில், தற்போதைய நிலை என்ற பகுதியை அவசரமாக நிரப்பும்போதே அவை கெட்டுவிடுகின்றன. என் அனுபவத்தில் இந்த வேலையின் பாதிக்கும் மேல் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பில் கற்றல் குறைபாடு உள்ள ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். "தமிழ் வாசிக்கச் சிரமப்படுகிறான்" என்று எழுதினால் அது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த செய்தி. அதற்குப் பதில் எழுத்து அட்டைகளை எடுத்துக்கொண்டு அவனோடு அரை மணி நேரம் உட்காருங்கள். உயிரெழுத்து பன்னிரண்டும் சொல்கிறான். க, ங, ச என அகர வரிசைப் பதினெட்டும் சரி. கால் போட்ட எழுத்துகளில் இரண்டு தவிர எல்லாம் சரி. கொம்பு வந்ததும் தடுமாறுகிறான். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகள் உள்ள 20 சொற்களில் 6 மட்டுமே சரி. "கெ"யைக் "கே" என்கிறான். "கொ" வந்தால் கொம்பு, க, கால் என்று துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவுகிறான்.

இப்போது படம் மாறிவிட்டது. "வாசிக்கத் தெரியாத பையன்" என்று சொல்லப்பட்டவனுக்கு உண்மையில் நிறைய எழுத்து தெரியும். தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலியில் மெய்யெழுத்துக்குப் பின்னால் வந்தாலும் எழுத்தில் முன்னால் நிற்கின்றன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் எழுத்தின் இரு பக்கமும் நிற்கின்றன. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் குழந்தைக்கு அங்கே குழப்பம் வருவது இயல்பே. 247 எழுத்துகளையும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் கற்பித்துப் பழகிய ஆசிரியருக்கு இந்த அணுகுமுறை புதிதல்ல. ஐ.இ.பி. அதிலிருந்து இன்னும் ஒரு படி உள்ளே போகிறது: அரும்பு நிலையில் இருக்கும் அத்தனை பேரில் இந்தக் குழந்தை எந்த எழுத்தில் நிற்கிறது?

தற்போதைய நிலையைக் கண்டறிய ஏற்கெனவே உருவாக்கி வைத்த கருவிகளும் உண்டு. சென்னையின் விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக இந்தியா முழுவதும் பயன்படுவது. நடை, உணவு உண்பது, உடை அணிவது, பேச்சு, எண், பணம் என 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் மொத்தம் 360 செயல்கள். ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய செயல். செய்கிறது, செய்யவில்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் குறிக்க முடியும். "ஓரளவு" என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. இலக்கு எழுதப் பழகுகிறவர் அந்தப் பட்டியலை ஒருமுறை முழுக்க வாசித்தாலே வாக்கியம் அமைக்கும் விதம் பிடிபடும். ஆனால் பட்டியலில் அடுத்த வரிசையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றை இலக்காக்கிவிடாதீர்கள். பட்டியலின் வரிசை வேறு, அந்தக் குழந்தையின் வீட்டிலும் வகுப்பிலும் உள்ள தேவை வேறு.

ஒரு எச்சரிக்கை. தற்போதைய நிலையில் குழந்தையால் முடியாததை மட்டும் அடுக்காதீர்கள். மேலே சொன்ன சிறுவன் கதை கேட்பதில் வகுப்பிலேயே முதல் ஆள், கேட்ட கதையை மறுநாள் வரிசை மாறாமல் சொல்வான் என்றால் அதையும் எழுத வேண்டும். அந்தப் பலத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொம்பெழுத்தைக் கற்பிக்கப் போகிறோம்.

இலக்கு வாக்கியம்

நல்ல இலக்குக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்று. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், வெவ்வேறு நாளில் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு, இலக்கு எட்டப்பட்டதா என்ற கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்ல முடிய வேண்டும். முடிந்தால் அது இலக்கு. முடியாவிட்டால் அது நல்லெண்ணம்.

அந்தச் சோதனையில் தேற, வாக்கியத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எந்தச் சூழலில், குழந்தை என்ன செய்யும், எந்த அளவுக்கு, எந்தக் காலத்துக்குள். நம் சிறுவனுக்கு இப்படி எழுதலாம்:

"ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகள் உள்ள, முன்பு பயிற்சியில் வராத 20 சொற்களை அட்டையில் காட்டும்போது, யாருடைய உதவியும் இல்லாமல் 18 சொற்களைச் சரியாக வாசிப்பான். அடுத்தடுத்த மூன்று வாரச் சோதனைகளில் இதைச் செய்ய வேண்டும். டிசம்பர் இறுதிக்குள். தற்போது: 20-க்கு 6."

"முன்பு பயிற்சியில் வராத" என்ற சொற்களைக் கவனியுங்கள். அவை இல்லாவிட்டால், அதே இருபது அட்டைகளை மனப்பாடம் செய்தாலும் இலக்கை எட்டியதாகிவிடும். "அடுத்தடுத்த மூன்று வாரம்" என்பது ஒரு நல்ல நாளின் அதிர்ஷ்டத்தைக் கணக்கில் எடுக்காமல் இருக்க. "தற்போது 6" என்பதை இலக்கின் கூடவே எழுதினால் பயணத்தின் நீளம் உடனே தெரியும்.

இது இடைக்கால இலக்கு. ஆண்டு இலக்கு இதற்கு மேலே இருக்கும்: இரண்டாம் வகுப்பு நிலையில் உள்ள ஒரு புதிய பத்தியை வாசித்து, அதைப் பற்றிய ஐந்து கேள்விகளில் நான்குக்கு வாய்மொழியாகச் சரியான பதில் சொல்வது. ஆண்டு இலக்கை இப்படி இரண்டு மூன்று படிகளாகப் பிரித்துவிட்டால் ஜூலையிலேயே வழி தவறுவது தெரிந்துவிடும்.

வினைச்சொல்லில் கவனம் வேண்டும். புரிந்துகொள்வாள், அறிவாள், உணர்வாள், ஆர்வம் காட்டுவாள், மேம்படுவாள் ஆகியவை குழந்தையின் தலைக்குள் நடப்பவை. அவற்றை நம்மால் பார்க்க முடியாது. வாசிப்பாள், சுட்டிக் காட்டுவாள், எடுத்துத் தருவாள், எழுதுவாள், வரிசையில் வைப்பாள், கேட்பாள், அழுத்துவாள் ஆகியவற்றைப் பார்க்கலாம், எண்ணலாம். "கூட்டலைப் புரிந்துகொள்வாள்" என்று எழுதத் தோன்றினால் உங்களையே கேளுங்கள்: புரிந்துகொண்டாள் என்று எதைப் பார்த்துச் சொல்வேன்? அந்தப் பதில்தான் இலக்கு.

இன்னொன்று: வாக்கியத்தின் எழுவாய் குழந்தையாக இருக்க வேண்டும். "வாரம் இருமுறை பிசியோதெரபி அளிக்கப்படும்", "படங்கள் மூலம் கற்பிக்கப்படும்" என்பவை பெரியவர்கள் செய்யும் வேலை. அவற்றுக்குத் திட்டத்தில் வேறு பகுதி இருக்கிறது. ஆண்டு முழுக்க பிசியோதெரபி தவறாமல் நடந்தும் குழந்தை படிக்கட்டில் ஒரு படிகூட ஏறாமல் இருக்க முடியும். ஆகவே படிக்கட்டை எழுதுங்கள்.

எண்பது சதவீதம்

"80 சதவீதத் துல்லியத்துடன்" என்ற தொடர் உலகம் முழுவதும் ஐ.இ.பி. படிவங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தத் திறனாக இருந்தாலும் 80. சில இடங்களில் அது பொருந்தும். சாலையைக் கடப்பதற்கு 80 சதவீதம் என்றால் ஐந்து முறையில் ஒருமுறை வண்டி வருவதைப் பார்க்காமல் இறங்கலாம் என்று பொருள். அங்கே நூறுக்குக் குறைந்து எதுவும் ஏற்கத்தக்கதல்ல. எட்டும்வரை பெரியவர் ஒருவர் கூடவே இருப்பார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கழிப்பறை போன பிறகு கால்சட்டையை மேலே ஏற்றுவதிலும் எண்பது சதவீதம் என்று ஒன்று இல்லை.

அளவு என்பது சதவீதம் மட்டுமல்ல. சில திறன்களுக்கு வேகம் முக்கியம்: சரியாக வாசித்தாலும் ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் ஆனால் வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடும். சிலவற்றுக்கு நேரம்: குழு விளையாட்டில் எத்தனை நிமிடம் கலந்துகொள்கிறாள். சிலவற்றுக்கு எண்ணிக்கை: ஒரு பாடவேளையில் எத்தனை முறை தானாகக் கை தூக்குகிறான். சதவீதம் போடுவதானால் எத்தனை வாய்ப்புகளில் என்பதைச் சொல்லாமல் போடாதீர்கள். இரண்டு வாய்ப்பில் எண்பது சதவீதம் எடுக்க யாராலும் முடியாது.

அளவை எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. குழந்தை கடந்த சில மாதங்களில் எவ்வளவு வேகத்தில் கற்றது என்பதே நம்பகமான வழிகாட்டி. அந்த வேகத்தைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். குறைவாக வைத்தால் எட்டிவிட்டோம் என்ற கையெழுத்து கிடைக்கும், குழந்தைக்கு எதுவும் கிடைக்காது. அறிவுசார் குறைபாடு என்ற சான்றிதழைப் பார்த்ததுமே இலக்கைத் தாழ்த்தும் பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சான்றிதழில் உள்ள சதவீதம் உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் பயன்படும். அடுத்த ஆண்டு இந்தக் குழந்தை எதைக் கற்கும் என்பதை அது சொல்வதில்லை.

உதவியைக் குறைப்பதும் முன்னேற்றமே

தீவிரக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இலக்கு எழுதும்போது பலர் தயங்கி நிற்பார்கள். "இவனால் என்ன செய்ய முடியும்?" என்ற கேள்வி எழும். அங்கே கைகொடுப்பது உதவியின் நிலைகள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, செய்து காட்டுவது, வாயால் சொல்வது, ஒரு சிறு குறிப்பு மட்டும் தருவது, கடைசியில் தானாகச் செய்வது. சிகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் அத்தகைய மாணவர்களுக்காக உருவாக்கிய மதிப்பீட்டுப் பட்டியலிலும் ஒரு செயலை எவ்வித உதவியோடு செய்கிறார் என்றே குறிப்பார்கள். கைபிடித்துச் செய்தவன் சொன்னால் செய்கிறான் என்றால் அது அளக்கக்கூடிய, பெருமைப்படத்தக்க முன்னேற்றம்.

பள்ளியில் மதிய உணவுக்கு முன் கை கழுவுவதைப் பாருங்கள். குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சோப்பு எடுப்பது, உள்ளங்கையும் விரலிடுக்கும் தேய்ப்பது, அலம்புவது, குழாயை மூடுவது, துடைப்பது என ஏழு படிகள். இன்றைய நிலையில் மூன்றைத் தானாகச் செய்கிறான், இரண்டைச் சொன்னால் செய்கிறான், இரண்டுக்குக் கைபிடிக்க வேண்டும். இலக்கு: "மதிய உணவு மணி அடித்ததும் குழாயடிக்குச் சென்று, யாரும் சொல்லாமலும் தொடாமலும் ஏழு படிகளையும் செய்வான், தொடர்ந்து ஐந்து பள்ளி நாட்கள், செப்டம்பர் இறுதிக்குள்." இதில் மணியே நினைவூட்டலாகிவிடுகிறது. ஆசிரியரின் குரலுக்குக் காத்திராமல் மணிச் சத்தத்துக்கு எழுந்து போகும் பழக்கம் ஏழு படிகளைவிடவும் பெரிய வெற்றி.

உடை அணிவது போன்றவற்றில் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது நல்லது. கால்சட்டையை முழங்கால் தாண்டி இடுப்புக்கு அருகே வரை நீங்கள் ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். முடித்த மகிழ்ச்சி முதல் நாளே அவனுக்குக் கிடைக்கும். அடுத்து ஒரு படி முன்னால் விடலாம். இலக்கின் இடைக்காலப் படிகளையும் இதே வரிசையில் எழுதலாம்.

செய்யக் கூடாததை இலக்காக எழுதாதீர்கள்

"மற்ற பிள்ளைகளை அடிக்க மாட்டான்." "வகுப்பில் கத்த மாட்டாள்." "இருக்கையை விட்டு எழ மாட்டான்." ஆட்டிசம், கவனக்குறைவு உள்ள குழந்தைகளின் திட்டங்களில் இவை மிக அதிகம். அமெரிக்க உளவியலாளர் ஓக்டன் லிண்ட்ஸ்லி 1960-களில் ஒரு சோதனை சொன்னார்: உயிரற்ற ஒருவரால் செய்ய முடிகிற எதுவும் நடத்தை ஆகாது. அடிக்காமல், கத்தாமல், எழாமல் இருக்க உயிரற்றவரால் முடியும். கேட்கக் கடுமையாக இருந்தாலும் அந்தச் சோதனை நம்மைச் சரியான கேள்விக்குக் கொண்டுவருகிறது: அடிப்பதற்குப் பதில் அவன் என்ன செய்ய வேண்டும்?

அதற்கு அவன் எதற்காக அடிக்கிறான் என்று தெரிய வேண்டும். சில நாட்கள் குறித்துப் பாருங்கள். எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அடித்த பிறகு என்ன கிடைத்தது. பேச்சு வராத ஒரு சிறுவன் இரைச்சல் அதிகமாகும் இடைவேளையிலேயே பக்கத்தில் இருப்பவரைத் தள்ளுகிறான், தள்ளியதும் அவனைத் தனியே அழைத்துப் போகிறார்கள் என்று தெரியவந்தால், அவன் சொல்வது "எனக்கு இங்கே தாங்கவில்லை" என்பதே. இலக்கு இப்படி மாறும்: "இரைச்சலான சூழலில், கழுத்தில் தொங்கும் 'வெளியே போகணும்' பட அட்டையை அருகிலுள்ள பெரியவரிடம் கொடுப்பான்; பத்து வாய்ப்புகளில் எட்டு முறை, நினைவூட்டாமல்." கூடவே பெரியவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: அட்டை கொடுத்தால் உடனே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். அட்டை கொடுத்தும் யாரும் கவனிக்காவிட்டால் அவன் மறுபடி தள்ளத்தான் செய்வான். அவனைக் குறை சொல்ல முடியாது.

"ஆசிரியரின் கண்ணைப் பார்த்துப் பேசுவான்" என்ற இலக்கை நான் எழுதுவதில்லை, எழுதாதீர்கள் என்றும் சொல்வேன். கண்ணைப் பார்ப்பது தங்களுக்கு எவ்வளவு வேதனை தருகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் பேசியும் எழுதியும் வருகிறார்கள். கவனிக்கிறானா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது என்றால், சொன்னதற்கு ஏற்பச் செய்கிறானா என்று பார்த்தால் போதும். கையை ஆட்டுவது, முன்னும் பின்னும் அசைவது போன்றவை யாருக்கும் தீங்கு செய்யாதவரை அவற்றை நிறுத்துவதும் இலக்காகக் கூடாது. குழந்தையை மற்றவர்கள் கண்ணுக்கு "சாதாரணமாக" காட்டுவது கல்வியின் வேலை அல்ல.

எதை இலக்காக்குவது

ஓராண்டுக்கு மூன்று முதல் ஐந்து இலக்குகள் போதும். பதினைந்து எழுதினால் பதினைந்தும் தாளிலேயே இருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது பெற்றோரிடம் "உங்கள் எதிர்பார்ப்பு என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் "நல்லா படிக்கணும் மேடம்" என்ற பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து எந்த நேரம் உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது? அவள் எதைத் தானாகச் செய்தால் உங்கள் நாள் மாறும்? அப்போது வரும் பதில்கள் வேறு. ஒரு தாய் "தெருமுனைக் கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வந்தா போதும்" என்றால் அதற்குள் பாதுகாப்பு, பேச்சு, பணம், நினைவு எல்லாம் இருக்கிறது. கழித்தல் கணக்கு வராத பதின்வயதுப் பெண்ணாலும் அதைச் செய்ய முடியும். விலை 34 ரூபாய் என்றால் அடுத்த பத்தான 40-க்கு நான்கு பத்து ரூபாய்த் தாள்களைக் கொடுத்துவிட்டு மீதிக்காக நிற்பது என்ற ஒரே விதியைக் கற்றுக்கொடுத்தால் போதும். "விலை எழுதிய பத்துச் சீட்டுகளைக் காட்டினால், அடுத்த பத்துக்குரிய தாள்களை எண்ணி எடுப்பாள், பத்தும் சரியாக, இரண்டு வெவ்வேறு நாட்களில்" என்பது வகுப்பறைப் படி. அடுத்த படியில் உண்மையான கடை, உண்மையான பால். வகுப்பில் வந்தது கடையிலும் வருகிறதா என்று பார்க்காத இலக்கு பாதியில் நிற்கிறது.

பாட இலக்குகளைக் குறைத்துவிட்டு வாழ்க்கைத் திறன்களை மட்டும் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாசிக்க முடிகிற குழந்தைக்கு வாசிப்பை எழுதாமல் விடுவது அநீதி.

சலுகையையும் இலக்கையும் போட்டுக் குழப்பாதீர்கள். அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்றவை குழந்தையின் உரிமை. அவை இலக்கு அல்ல. ஆனால் அந்தச் சலுகையைப் பயன்படுத்தத் தெரிவது ஒரு திறன். மூளை முடக்குவாதம் உள்ள மாணவிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில்தான் முதன்முறையாக எழுதுபவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்கிறார் என்றால், விடை தெரிந்தும் சொல்லத் தெரியாமல் தவிப்பாள். எட்டாம் வகுப்பிலேயே இலக்காக எழுதுங்கள்: "ஐந்து மதிப்பெண் வினாவுக்கான விடையை வாக்கியம் வாக்கியமாக, நிறுத்தற்குறிகளையும் சொல்லி எழுதவைப்பாள், முடிந்ததும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் குறைந்தது ஒரு திருத்தமாவது செய்வாள்." படம் வரையச் சொல்வது எப்படி, கணக்கில் பின்னத்தை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் பழகினால்தான் வரும்.

குறித்து வைப்பது

எவ்வளவு நல்ல இலக்கும் யாராவது வாரம் ஒருமுறை சரிபார்த்தால்தான் உயிரோடு இருக்கும். திட்டத்திலேயே எழுதுங்கள்: யார் பார்ப்பார், எந்தக் கிழமை, எதில் குறிப்பார். வகுப்பாசிரியருக்கு நீண்ட படிவம் கொடுக்காதீர்கள். ஒரு அட்டையில் தேதியும் 20-க்கு எத்தனை என்பதும் போதும். கை கழுவுவதற்கு ஏழு கட்டங்கள். தானாகச் செய்தால் ஒரு குறி, சொன்னால் செய்ததற்கு வேறு குறி. கட்டக் கோட்டுத் தாளில் புள்ளி வைத்துப் பென்சிலால் இணைத்தால் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள்.

புள்ளிகள் தொடர்ந்து மூன்று நான்கு வாரம் மேலே ஏறாவிட்டால் கற்பிக்கும் முறையை மாற்றுங்கள். குழந்தையைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. ஒரே நேரத்தில் நிறைய எழுத்துகளைக் கொடுத்தோமா? கண்ணாடி பழையதாகிவிட்டதா? காது கேட்கும் கருவியின் மின்கலம் தீர்ந்துவிட்டதா? வலிப்பு மருந்து மாறியதால் பகலில் தூங்கி வழிகிறானா? மாற்றிய தேதியைத் தாளில் ஒரு கோடு போட்டுக் குறித்தால், மாற்றம் பலன் தந்ததா என்பதும் அங்கேயே தெரியும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். கூட்டத்தில் கையெழுத்துக் கேட்டால், "இது நடந்துவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்?" என்று ஒவ்வொரு இலக்குக்கும் கேளுங்கள். விளக்கம் தேவைப்படாத வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில் எழுதிய பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் படிக்க முடியாத திட்டத்தில் நீங்கள் பங்கெடுக்க முடியாது. அமெரிக்காவில் வசிக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக இல்லை என்றால், ஐ.இ.பி. கூட்டத்தில் பேசுவது புரியும்படி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அங்கே பள்ளியின் சட்டப்படியான பொறுப்பு. கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

இலக்கைக் குழந்தை முன்னதாகவே எட்டிவிட்டால் ஆண்டு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். நம் மூன்றாம் வகுப்புச் சிறுவன் அக்டோபரிலேயே மூன்று வாரம் தொடர்ந்து 18, 19, 18 என்று வாசித்துவிட்டான் என்றால், அந்த வாரமே வீட்டுக்குச் சொல்லியனுப்பி, திட்டத்தில் எட்டிய தேதியைக் குறித்துவிட்டு, அட்டைகளை மறுபடி எடுங்கள். இந்த முறை ஒற்றுமிகும் சொற்கள், ரகர றகரம், லகர ளகர ழகரம் எங்கே நிற்கின்றன என்று பார்த்து, புதிய "தற்போது" வரியை அன்றைய தேதியோடு எழுதுங்கள்.